நாற்பத்து மூன்று உறைகள்

செப்டம்பர் 27, சனி

காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பதினொரு பேர். சாப்பாட்டு மேசையில் எனக்குச் சாப்பிட இடமில்லை. ஒருவருக்கு வாடகை உதவிப் படிவம், ஒருவருக்குக் கண் ஆஸ்பத்திரிக் கடிதம், இன்னொருவர் பேரனின் பள்ளிக்கூட விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆஷ்கம் வட்டாரத்தில் தமிழர் வீட்டுக் கதவுக்குள் விழுகிற பழுப்பு உறைகளில் பாதி உடைக்கப்படாமலே என்னிடம் வருகின்றன. லண்டனுக்கு வந்த இருபத்தாறு வருஷமாக இதுதான் நடக்கிறது. "மலர் அக்காட்டக் குடுத்தால் சரி" என்பார்கள். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்கத்தின் மாவட்ட அலுவலகத்தில், எட்டு வருஷம் கிளாக்கராக இருந்தவளுக்கு இது ஒரு வேலையா? என்னிடம் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. எல்லாருடைய பிறந்த திகதி, தேசிய காப்புறுதி இலக்கம், கலியாணத் திகதி எல்லாம் அதில் உண்டு. கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு இழுத்துக் கொடுப்பேன். வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் வாசிப்பதில்லை. வாசித்தால் நேரம்தான் வீண்.

பின்னேரம் தம்பி நிர்மலன் வந்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா, என்னைத்தான் வேட்பாளரா நிப்பாட்டினம். நவம்பர் ஆறாம் திகதி இடைத்தேர்தல்."

பழைய கவுன்சிலர் உடம்புக்கு ஏலாமல் விலகியதால் வந்த கதிரை அது. கவுன்சிலில் இரண்டு பக்கமும் சரிசமனாக இருக்கிறார்களாம். இந்த ஒரு கதிரை எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கம்தான் நூலகத்தெரு மண்டபத்தை விற்பதா விடுவதா என்று முடிவெடுக்கும். விற்றால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடுத்தெருவில். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். தம்பி சும்மா கதிரைக்கு ஆசைப்பட்டு நிற்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இவருக்கு, என் மனுசனுக்கு, தேநீர் கொடுத்தபோது சொன்னேன். "ம்" என்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், பெல் அடித்தால்தான் வாய் திறப்பார்.

அக்டோபர் 2, வியாழன்

கட்சிக் கூட்டம். ஒன்பதாயிரம் பேருக்கு வாக்கு இருக்கிறது, போன இடைத்தேர்தலில் போட்டவர்கள் ஆயிரத்து எழுநூறாம். எங்கள் நாட்டில் வாக்குச்சாவடிக்குப் போவதற்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். இவர்களுக்கு மழை தூறினால் போதும், வீட்டோடு இருந்துவிடுவார்கள். எங்கள் ஆட்களும் இப்போது அப்படித்தான். நவம்பர்க் குளிரில் எந்த வயதானவர் முழங்கால் வலியோடு போய் வரிசையில் நிற்பார்?

தபால் வாக்குத்தான் வழி என்று நான் எழுந்து சொன்னேன். கட்சியின் தேர்தல் முகவர், இருபத்தைந்து வயதுகூட இராது, உடனே ஒரு தாளை எடுத்து வாசித்தாள். பிரசாரம் செய்பவர்கள் மற்றவர்களுடைய தபால் வாக்கைத் தொடவே கூடாதாம். புதுச் சட்டமாம். எனக்கு வகுப்பெடுக்கிறாள். நான் தேர்தல் கடமை மூன்று தரம் செய்தவள், பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தவள். அதோடு நான் என்ன பிரசாரகாரியா? தம்பிக்கு அக்கா.

அக்டோபர் 4, சனி

இன்று வந்தவர்களுக்கெல்லாம் தபால் வாக்கு விண்ணப்பமும் நிரப்பினேன். வராதவர்களுக்கும் கொப்பியைப் பார்த்து நிரப்பி வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்து மூன்று. கேட்டுத்தான் செய்தேன். சிலரிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அக்டோபர் 11, சனி

பின்னேரம் தவயோகம் வீட்டுக்குப் போனேன். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறவர். வயது ஐம்பத்திரண்டு. வந்த காலத்தில் ஒன்பது வருஷம் விசா இல்லாமல், இரண்டு கிழமைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டு திரிந்த மனிதர். அந்த வழக்குக்கு ஒவ்வொரு தாளும் நான்தான் எழுதினேன். இப்போது நிரந்தர வதிவிடம் இருக்கிறது. இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால் பிரஜாவுரிமை இல்லாமலே வாக்கு உண்டு, இந்த வருஷம்தான் பெயரைப் பதிந்தோம். போன ஆகஸ்டில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டோம். அந்தப் படிவத்தில் நன்னடத்தை என்று ஒரு பகுதி வரும். பொலிஸ் விசாரணை ஏதும் உண்டா, வழக்கு ஏதும் உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று நானே எழுதினேன். எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

வனஜா, அவர் மனைவி, இடியப்பமும் சொதியும் வைத்துச் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம். மூன்றாம் மாடி வீடு. முன்பு படுக்கையறைச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம் பிடித்து வனஜாவுக்கு இழுப்பே வந்தது. இப்போது சுவர் வெள்ளையாக இருக்கிறது. அந்தப் பிரின்டில் மனுசி வந்து பார்த்துக் கவுன்சிலோடு சண்டை பிடித்துத் திருத்திக் கொடுத்தாளாம். தம்பிக்கு எதிராக நிற்கிறவள்தான். ஃப்ரிட்ஜ் கதவில் அவளுடைய பிரசுரம் காந்தத்தால் ஒட்டியிருந்தது. குப்பை என்று நினைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தவத்தோடு கொஞ்சம் கதைத்தேன். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போய் வடைமா புளித்துவிட்டது.

அக்டோபர் 23, வியாழன்

கந்தசஷ்டி இரண்டாம் நாள். பகலில் தண்ணீர் மட்டும், மாலையில் பால் பழம்.

தபால் வாக்கு உறைகள் வரத் தொடங்கிவிட்டன. நான் யாரிடமும் கேட்கவில்லை. தாங்களாகவே கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கடிதம் மாதிரி, தண்ணீர் பில் மாதிரி. ஒரு ஐயா வாக்கு உறையையும் தண்ணீர் பில்லையும் சேர்த்து றப்பர் வளையம் போட்டுக் கட்டியே கொண்டுவந்தார். "பிள்ளை, உமக்குத் தெரிஞ்சபடி செய்யும்" என்றார். நம்பிக்கை என்றால் இதுதான். இந்த நாட்டில் எந்த அரசியல்வாதிக்கு இது கிடைக்கும்?

வனஜாவும் வந்தாள். தவத்தின் உறை, உள்துறை அமைச்சிலிருந்து மேலதிக விவரம் கேட்டு வந்த கடிதம் இரண்டு. ஏதோ சொன்னாள். விரதக் களைப்பில் சரியாகக் காதில் விழவில்லை. தவம் வேலைக்குப் போகமுன் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச்சொல்லி மூன்று தாளையும் அடுக்கிக் கொடுத்தனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டது.

அக்டோபர் 25, சனி

முழுநாளும் மேசையில். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு வாக்குச்சீட்டு, ஒரு உறுதித்தாள். உறுதித்தாளில் கையெழுத்தும் பிறந்த திகதியும். கையெழுத்து அவரவருடையது, அதில் நான் கண்டிப்பு. திகதி மட்டும் நான். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, கொப்பி அவ்வளவு துல்லியம். இவர் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"சீட்டையும் நீரே நிரப்புறீரோ?"

"கை நடுங்குற ஆக்களுக்கு நான் செய்யாமல் ஆர் செய்யிறது?"

"எல்லாருக்கும் கை நடுங்குதோ?"

அடுத்த உறையை எடுத்தேன். விரதகாலத்தில் வாய்த்தர்க்கம் கூடாது. தன்னுடைய உறையை எடுத்துக்கொண்டு மேலே போனார். கதவைச் சாத்திவிட்டு நிரப்பி, ஒட்டி, தானே போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். முப்பத்துநாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுசனுக்கு என்னிடம் என்ன இரகசியம்? மனம் நொந்துபோனேன்.

அக்டோபர் 27, திங்கள்

சூரன்போர். கோயிலுக்குப் போகும் வழியில் உறைகளைப் போட்டேன். ஐந்து தெருவில் உள்ள ஐந்து பெட்டிகளில் பிரித்துப் போட்டேன். நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

வாக்களிப்பு நாள். விடியற்காலையிலிருந்து ஓட்டம். மூன்று மணிக்குத் தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வந்தால் குசினிக் கதிரையில் தவயோகம் இருக்கிறார். கோட் போட்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். இவர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு யன்னலோரம் நின்றார்.

"அக்கா, வோட்டுப் போடப் போனனான். வேலையில லீவு கேட்டு, அடையாள அட்டையும் கொண்டு போனனான். அங்க மேசையில இருந்த பிள்ளை பேரைப் பார்த்திட்டு, உங்கட வோட்டு ஏற்கெனவே தபாலில வந்திட்டுது எண்டு சொல்லுறாள்."

நான் கோப்பையைக் கழுவினேன்.

"நான் தபால் வோட்டுக் கேக்கவே இல்லையெண்டு சொன்னன். அப்ப வேற நிறத்தில ஒரு தாள் தந்தவை. அதில போடட்டாம், ஆனா எண்ணமாட்டினமாம். உறைக்குள்ள வைச்சுக் கட்டிப் போட்டினம். பேரையும் விலாசத்தையும் எழுதி எடுத்தவை."

"கந்தோரில ஏதும் பிழை விட்டிருப்பினம், தவம்."

"ஓம் அக்கா, அப்பிடித்தான் இருக்கும்." தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "ஊரிலயும் எனக்கு ஒருக்கா இப்பிடி நடந்தது. இருபத்தொரு வயசில முதல் முதல் போறன், என்ர பேரில ஆரோ கள்ளவோட்டுப் போட்டிட்டுப் போயிட்டாங்கள். அங்க இருந்தவன் சிரிச்சவன். இஞ்ச அந்தப் பிள்ளை சிரிக்கேல்லை. ஐ ஆம் சொறி எண்டு சொன்னவள்."

அவர் போனபிறகு இவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு வேலை இருந்தது. மூன்று தெரு இன்னும் பாக்கி.

நவம்பர் 7, வெள்ளி

வென்றுவிட்டோம். தம்பிக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு, பிரின்டிலுக்கு எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. பத்தொன்பது வாக்கு வித்தியாசம். தம்பி போனில் அழுதான். "அக்கா, உங்களாலதான்" என்றான்.

உண்மைதான். ஒன்பதாயிரம் பேரில் பத்தொன்பது பேர் போதும், ஒரு மண்டபம் நிற்கும். இதைவிட நல்ல ஆட்சிமுறை உலகத்தில் எங்கே இருக்கிறது? எனக்கும் அழுகை வந்தது.

நவம்பர் 19, புதன்

தவயோகத்துக்குப் பொலிசிலிருந்து கடிதம். வழக்கம்போல உடைக்காமல் வனஜா என்னிடம் கொண்டுவந்தாள். நான் உடைத்து வாசித்தேன். தேர்தல் குற்றம் ஒன்று சம்பந்தமாக அவர் டிசம்பர் நாலாம் திகதி தானாக முன்வந்து விசாரணைக்கு வரவேண்டும். அவர் பெயரில் வந்த தபால் வாக்கில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. ஆனால் அவர் வாக்குச்சாவடியில், தான் தபால் வாக்குக் கேட்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். இரண்டில் எது பொய் என்று கேட்கிறார்கள்.

"என்னக்கா போட்டிருக்கு?"

"வழக்கமான விசாரணைதான்."

வனஜாவின் கை, இழுப்புக்கு அடிக்கிற மருந்துப் பம்பை உருட்டிக்கொண்டே இருந்தது. "பிரஜாவுரிமைக்கு ஏதும் வருமோ அக்கா? அவர் ராத்திரியில எழும்பி எழும்பி இருக்கிறார். ஒன்பது வருஷம் பொலிசுக்குப் பயந்து இருந்த மனுசன்."

ஒன்றும் வராது என்று சொன்னேன். என்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பாள்?

நவம்பர் 22, சனி

நாலு பேர்தான் வந்தார்கள். குளிர்.

நவம்பர் 25, செவ்வாய்

தம்பி போன் பண்ணினான். குரலைத் தாழ்த்திக் கதைத்தான். தன் வீட்டுக்குள்ளேயே எதற்குத் தாழ்த்துகிறான் என்று தெரியவில்லை.

"அக்கா, கவுன்சிலில தபால் உறுதித்தாள் எல்லாத்தையும் திருப்பிப் பார்த்தவையாம். நாப்பது சொச்சம் தாளில பிறந்த திகதி ஒரே ஆளின்ர எழுத்தாம். ஏழுக்கு நடுவில கோடு போட்ட எழுத்து."

என் ஏழுக்கு நடுவில் கோடு இருக்கும். கச்சேரியில் பழகியது, ஒன்றும் ஏழும் மாறுபடாமல் இருக்க.

"நீ அதுக்கு என்ன சொன்னனீ?"

"எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன். எனக்கு ஒண்டும் தெரியாதுதானே அக்கா?"

ஒவ்வொரு நாளும் இத்தனை உறை வந்தது, இத்தனை போனது என்று அவனுக்குச் சொன்னவள் நான். அவன் விரல் விட்டு எண்ணியவன்.

"அந்த நீலக் கொப்பி இருக்கோ?" என்றான்.

வீட்டில் பழைய சாமான் கூடிவிட்டது. இன்று கொஞ்சம் ஒதுக்கினேன். பழைய கொப்பி ஒன்றையும் கிழித்துப் போட்டேன். இடம் வேண்டும்.

நவம்பர் 29, சனி

ஒருவரும் வரவில்லை. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மேசையில் பேனையோடு இருந்தேன். எதிர்ப்பக்கத்து நடைபாதையில் றப்பர் வளையத்து ஐயா போனார், கையில் ஒரு பழுப்பு உறை. என் வீட்டுப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். அவர் வேகமாக நடந்து நான் கண்டதில்லை.

கடையில் வெண்டிக்காய் வாங்கும்போது ஒருத்தி சொன்னாள், சாதாரண உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர் வீடு வீடாகப் போகிறார்களாம். மரியாதையாகத்தான் கதைக்கிறார்களாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்களாம். "நீங்களே சீட்டை நிரப்பினீர்களா" என்று ஒரே ஒரு கேள்விதானாம். கேட்டதும் ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாராம். எங்கள் ஆட்களுக்குப் பொலிஸ் கதவைத் தட்டினால் என்ன நினைவு வரும் என்று இவர்களுக்கு எங்கே தெரியும்?

எனக்குப் பயமாக இருக்கிறது. வாசலில் நிழல் ஆடினாலும் எழுந்து பார்க்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

தவயோகத்தை வரச் சொன்னேன். இவர் கடைக்குப் போயிருந்த நேரம்.

நாளை மறுநாள் விசாரணை. ஒரு வழிதான் இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். தானே தபால் வாக்குக் கேட்டதாகவும், தானே நிரப்பிப் போட்டதாகவும், பிறகு மறந்துபோய் வாக்குச்சாவடிக்குப் போனதாகவும் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. மறதிக்கு யாரும் தண்டனை கொடுக்கமாட்டார்கள். இது அவருக்கும் நல்லது, பிரஜாவுரிமைக்கும் நல்லது.

"எழுத்தைப் பார்ப்பினமே அக்கா?"

அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். ஒரு தாளை எடுத்து அவருடைய பிறந்த திகதியை எழுதினேன். 17.07.1973. மூன்று ஏழு. "ஏழுக்கு நடுவில கோடு போடும். இப்பிடி. எழுதிப் பாரும்."

அவர் பேனையை வாங்கி எழுதினார். மேசையில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்று. இரண்டு. மூன்றாவது நன்றாகவே வந்தது, என்னுடையதுதானோ என்று நானே நினைத்தேன். நாலாவதைத் தொடங்கி, முதல் ஏழில் நிறுத்திவிட்டார். எழுதினதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் எழுத்தையும் பார்த்தார். பேனையை மூடி வைத்தார்.

"நீங்களோ அக்கா?"

நான் என்ன சொன்னேன் என்று எழுதத் தேவையில்லை. மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அவருடைய வழக்குக்கு எத்தனை தாள் எழுதினேன் என்றும் சொல்லியிருக்கவேண்டும், ஏனென்றால் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்கள் எழுதினபடியாத்தான் நான் இஞ்ச இருக்கிறன். அதை நான் ஒருநாளும் மறக்கமாட்டன். உங்கட பேரை நான் சொல்லமாட்டன் அக்கா. ஆனா நான் போட்டனான் எண்டும் சொல்லமாட்டன்."

"ஏன்? சீட்டில ஒரு புள்ளடி, தவம். ஒரு சின்னப் புள்ளடி."

"எனக்கு அம்பத்திரண்டு வயசு. நான் இன்னும் ஒருக்காலும் வோட்டுப் போடேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. யாராவது பசிக்கிறதா என்று கேட்டால், இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்வோமே, அந்தக் குரல். கோட்டை எடுத்துக்கொண்டு போனார். தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

டிசம்பர் 4, வியாழன்

வனஜா போனில் சொன்னாள். இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தார்களாம். தான் தபால் வாக்குக் கேட்கவும் இல்லை, போடவும் இல்லை என்று சொன்னாராம். அப்படியென்றால் இந்தக் கையெழுத்து எப்படி வந்தது, இந்தத் தாளை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டார்களாம். அதற்குப் பதில் சொல்லவில்லையாம். எட்டுத் தரம் கேட்டார்களாம். எட்டுத் தரமும் சொல்லவில்லையாம். வாக்கை விற்றவன் போல எழுதிக்கொண்டார்கள் என்று அழுதாள்.

"ஏன் அக்கா சொல்லுறார் இல்லை? ஆரையாவது காப்பாத்துறாரோ?"

தெரியாது என்று சொன்னேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

உள்துறை அமைச்சிலிருந்து தவயோகத்துக்குக் கடிதம். இந்த முறை வனஜா உடைத்துவிட்டுக் கொண்டுவந்தாள். தானே அகராதி வைத்து வாசித்திருக்கிறாள். ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அந்தச் சொல் சரிதானா என்று மட்டும்தான் என்னிடம் கேட்டாள். சரிதான். பொலிஸ் விசாரணை முடியும்வரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. குற்றம் என்று முடிந்தால் நிராகரிக்கப்படும். நிராகரித்தால் மறுபடி விண்ணப்பிக்க எத்தனை வருஷம் என்று அதில் இல்லை. எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை.

வாசலில் நின்றபடியே கதைத்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. போகும்போது "வாறன் அக்கா" என்று சொல்லவில்லை.

தம்பி இன்று மண்டபத்தைப் பற்றிக் கவுன்சிலில் பேசினான். கைதட்டினார்களாம். விற்பதில்லை என்று முடிவாம். காணொளி அனுப்பியிருந்தான். பார்த்தேன். இங்கே பிறந்தவன் மாதிரியே பேசினான்.

சாப்பிடும்போது இவர் கேட்டார். "அந்த நீலக் கொப்பியை எறிஞ்சிட்டீர் என்ன?"

"ஓம்."

"டயறி எழுதுறனீர் எல்லே? அது இருக்குதோ?"

கறியைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் எழுந்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "அவன் சொல்லமாட்டான் மலர். அவனை நான் பத்தொன்பது வருஷமாப் பாக்கிறன். செத்தாலும் சொல்லமாட்டான்."

டிசம்பர் 10, புதன்

காலை ஏழு மணி. முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். விட்டவற்றை எழுதுகிறேன்.

அக்டோபர் 11ஆம் திகதி தவத்தோடு கதைத்ததில் எழுத ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். அவர் சொன்னது இது: "அக்கா, கோவிக்காதேங்கோ. தம்பி நல்லவர். ஆனா அந்த மனுசி மூண்டு மாடி ஏறி வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தவ. என்ர முதல் வோட்டு அவவுக்குத்தான்."

அக்டோபர் 23ஆம் திகதி வனஜா சொன்னது காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறேன். நன்றாக விழுந்தது. "தபாலில ஏனோ வந்திட்டுது, வந்தது அவருக்குத் தெரியாது. அவர் நேரில போய்ப் போடவேணுமெண்டு ஆசையா இருக்கிறார், இதைத் திருப்பி அனுப்பிவிடுங்கோ அக்கா" என்றாள். அனுப்புகிறேன் என்றேன். பிறகு உறுதித்தாளை உள்துறைக் கடிதம் இரண்டுக்கும் நடுவில் வைத்து, எல்லாம் பிரஜாவுரிமைத் தாள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் வேலைக்குப் போகிற அவசரத்தில் என் பென்சில் கோட்டைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். தபால் வாக்கு விண்ணப்பத்துக்கும் முன்பு இப்படித்தான் கையெழுத்து வாங்கினேன். அவருக்கோ வனஜாவுக்கோ ஒன்றும் தெரியாது; நான் உறையைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவே வனஜா நம்பியிருந்தாள்.

நாற்பத்து மூன்று பேரில் யாருக்குப் போடவேண்டும் என்று நான் கேட்டது பதினெட்டுப் பேரை. மற்றவர்களைக் கேட்கவில்லை. உறைகளை ஐந்து பெட்டியில் போட்டது சர்க்கரைக்காக அல்ல. கொப்பியைக் கிழித்தது இடத்துக்காக அல்ல. தம்பிக்கு எல்லாம் தெரியும்.

தவயோகத்தின் சீட்டை அக்டோபர் 25ஆம் திகதி பின்னேரம் நிரப்பினேன். விரதத்தில் இருந்தேன். தம்பியின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். போடும்போது, அந்த மனிதர் யாருக்குப் போட இருந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான், நானும் நின்றுவிடுவேன். இவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு காரை வெளியே எடுத்துவிட்டார். பொலிஸ் நிலையத்துக்கு இந்த டயறியையும் கொண்டுபோகிறேன். வாயால் சொன்னால் அங்கேயும் மாற்றிச் சொல்லிவிடுவேன்.